மீதி ஒன்பது

பாலக்கரை, திருச்சி
12.7.2025

மரியே வாழ்க.

மதிப்பிற்குரிய செண்பகவல்லி அக்காவுக்கு,

வணக்கம். நீங்கள் தேக சுகத்தோடு இருக்க வேண்டிக்கொள்கிறேன். சுகமா என்று கேட்கக் கை கூசுகிறது. முழுசாக ஒரு மாதம்தானே ஆகிறது.

என் பெயர் லிசி. பாலக்கரையில் ஒரு பள்ளிக்கூடத்தில் சமூக அறிவியல் டீச்சர். உங்கள் தங்கை ஹம்ஸாவும் நானும் நாலு வருடச் சிநேகிதிகள், ஆனால் நேரில் பார்த்துக்கொண்டதே இல்லை. ஃபேஸ்புக்கில் 'வாசிப்பு வளையம்' என்று ஒரு குழு நடத்துகிறோம். வருடத் தொடக்கத்தில் இத்தனை புத்தகம் படிப்பேன் என்று சொல்லி, அவற்றை அடுக்கி வைத்துப் படம் போட வேண்டும். ஒன்றை முடித்ததும், அதைப் படிக்காத யாருக்காவது கையால் கடிதம் எழுதித் தபாலில் சேர்க்க வேண்டும். இந்த இரண்டாவது விதி ஹம்ஸா கொண்டுவந்தது. 'படிச்சவ வாய மூடிட்டு இருந்தா படிச்சதுக்கு என்ன அர்த்தம்?' என்று எங்களைப் பிடித்து உலுக்குவாள்.

இந்த வருடம் அவள் அடுக்கியது இருபத்தைந்து. பதினாறு முடித்தாள். மீதி ஒன்பதையும் அவள் பெயரில் டிசம்பர் 31-க்குள் நான் படித்து முடிக்க ஆசைப்படுகிறேன். கடையிலேயே வாங்கலாம்தான். ஆனால் அவள் கை பட்ட அதே பிரதிகளைப் படிக்க வேண்டும் போல இருக்கிறது. கொடுப்பீர்களா? ஒவ்வொன்றுக்கும் எழுத வேண்டிய கடிதத்தை உங்களுக்கே எழுதலாமா?

அவளுக்கு உடம்பு சரியில்லை என்பதே எங்கள் யாருக்கும் தெரியாது, அக்கா. இறந்து பதினொரு நாள் கழித்துக் குழுவில் யாரோ போட்ட பதிவைப் பார்த்துத்தான் தெரிந்தது. ஒண்ணாம் நம்பர் பஸ் ஏறினால் உங்கள் ஊர். நாலு வருடத்தில் ஒரு தடவை ஏறவில்லை. போனில் கூப்பிட நினைத்தேன். என்னிடம் இருப்பது ஹம்ஸாவின் நம்பர். அதிலிருந்து வேறு ஒரு குரல் ஹலோ என்றால் என்னால் தாங்க முடியாது, அதனால்தான் கடிதம்.

உங்களுக்கு மாதாவின் ஆறுதல் கிடைக்கட்டும்.

அன்புடன்,
லிசி ஆசீர்


ஸ்ரீ:
கீழ உத்தர வீதி, ஸ்ரீரங்கம்
24.7.2025

சௌபாக்யவதி லிசிக்குச் செண்பகவல்லி எழுதுவது. இவ்விடம் க்ஷேமம் என்று எழுதுவது வழக்கம், அப்படியே வைத்துக்கொள்ளுங்கள். அங்கே எல்லாரும் சௌக்யமாக இருக்கப் பெருமாளைப் பிரார்த்திக்கிறேன்.

உங்கள் கடிதம் காவிரிப் பாலத்தைத் தாண்ட ஐந்து நாள் எடுத்துக்கொண்டது. பதில் எழுத எனக்கு ஒரு வாரம். ஆகக் கடிதத்தைவிட நான் மோசம். சர்க்கார் ஆபீசில் இருபத்தெட்டு வருஷம் டைப் அடித்துவிட்டு வெளியே வந்தவள் நான். போனில் விரலால் தட்டுவதென்றால் எனக்கு அலுப்பு. எழுதுங்கள், படிக்கிறேன்.

உங்கள் பெயர் எனக்குத் தெரியும். அவள் போனில் பார்த்திருக்கிறேன்.

ஹம்ஸா அந்தக் கடிதங்களையெல்லாம் யாருக்கு எழுதினாள் என்று சொல்லியிருக்கிறாளா? எனக்குத்தான். நாங்கள் இரண்டு பேரும் கல்யாணம் பண்ணிக்கொள்ளாமல் ஒரே வீட்டில் இருந்தவர்கள். கூடத்தில் உட்கார்ந்து எழுதி, ஸ்டாம்பு ஒட்டி, தெருக்கோடி தபால் பெட்டியில் போட்டுவிட்டு வருவாள். போஸ்ட்மேன் இரண்டு நாள் கழித்து அதே வாசலில் கொண்டுவந்து கொடுத்துவிட்டுச் சிரிப்பார். 'எதிர்ல உக்காந்துண்டு எதுக்குடி தபால்? வாயால சொல்லேன்' என்பேன். அவள் இருந்தவரை ஒன்றையும் பிரித்ததில்லை. பிஸ்கட் டப்பாவில் போட்டு வைத்துவிடுவேன்.

எனக்குப் புத்தகங்கள் மேல் கோபம். மறைப்பானேன். போன வருஷம் ஆகஸ்டிலேயே மார்பில் கட்டி இருப்பது அவளுக்குத் தெரிந்திருக்கிறது. கண் டாக்டர் கிளினிக்கில் உட்கார்ந்து நாளைக்கு நாற்பது பேருக்கு அப்பாயின்ட்மென்ட் போட்டுக் கொடுப்பவள், தனக்கு ஒன்று போட்டுக்கொள்ளவில்லை. ஜனவரியில்தான் வாயைத் திறந்தாள். ஏண்டி என்றால், 'புத்தகச் சவால் முடியட்டும்னு இருந்தேன்க்கா, பாதில விட மனசு வரலை' என்றாள். அதற்குள் எலும்பு வரை போய்விட்டது.

அந்த ஒன்பதையும் பழைய பேப்பர்காரரிடம் போடக் கட்டி வைத்திருந்தேன். உங்கள் கடிதம் வந்து கெடுத்தது. ஒவ்வொன்றாகத்தான் தருவேன். ஒன்றை முடித்துத் திருப்பினால் அடுத்தது. நான் வழக்கமாகப் போகிற ஆட்டோக்காரர் ஜெகபர் சாதிக் உங்கள் பக்கம் வரும்போது கொண்டுவருவார்.

பெருமாள் காக்கட்டும்.

செண்பகவல்லி


பாலக்கரை
8.8.2025

மரியே வாழ்க.

அன்புள்ள அக்காவுக்கு,

சுகம். உங்கள் சுகத்துக்குக் கடிதம் எழுதுங்கள். ஆடிப்பெருக்குக்கு அம்மாமண்டபத்தில் கூட்டம் நெரிந்ததென்று டி.வி.யில் காட்டினார்கள். நீங்கள் அந்தப் பக்கம் போயிருக்கமாட்டீர்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

முதல் புத்தகம் முடிந்தது. உப்பளத்தில் வேலை செய்யும் இரண்டு சகோதரிகளின் கதை. மழை வந்தால் ஊருக்கெல்லாம் சந்தோஷம், இவர்களுக்கு மட்டும் அழுகை. மூத்தவள் தங்கையைத் திட்டிக்கொண்டே இருப்பாள். தங்கை கால் வெடிப்பில் உப்புப் பட்டு எரியும்போது மட்டும் பேசாமல் எண்ணெய் தடவிவிடுவாள். அந்த இடத்தில் பென்சில் கோடு ஒன்றும் இல்லை. ஹம்ஸா இதைத் திறக்கவே இல்லை என்று அப்போதுதான் உறைத்தது.

அக்கா, ஒன்று கேட்கலாமா? அவளுக்கு எந்தப் பக்கம் இருந்தது? தொட்டால் நகருமா? வலி இருந்ததா? ஆகஸ்டிலிருந்து ஜனவரிக்குள் பெரிதானதா, அல்லது அதே அளவில் இருந்ததா? அவளைப் பற்றி எல்லாம் தெரிந்துகொள்ள வேண்டும் போல இருக்கிறது, வேறொன்றுமில்லை.

புத்தகத்தைச் சாதிக் அண்ணனிடம் கொடுத்துவிட்டேன். அடுத்ததைச் சீக்கிரம் அனுப்புங்கள்.

அன்புள்ள,
லிசி


ஸ்ரீ:
ஸ்ரீரங்கம்
14.8.2025

லிசிக்கு ஆசீர்வாதம். நான் சௌக்யம். முட்டிவலி அதன் பாட்டுக்கு இருக்கிறது.

இடது பக்கம். நகரவில்லையாம். வலியே இல்லை. வலித்திருந்தால் போயிருப்பாள், வலிக்காததுதான் அவளை ஏமாற்றியது. பெரிதானதா என்று பார்த்துக்கொண்டவள் அவள்தான், எனக்கென்ன தெரியும்?

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். இனிமேல் 'நீ' என்றே எழுதுகிறேன், கோபித்துக்கொள்ளாதே. போனவளை நினைத்துக் கேட்கிறவர்கள் கடைசியில் என்ன சாப்பிட்டாள், என்ன பேசினாள் என்றுதான் கேட்பார்கள். இங்கே வந்து துக்கம் விசாரித்த இருநூறு பேரும் அதைத்தான் கேட்டார்கள். நகருமா, பெரிதானதா என்று ஒருத்தரும் கேட்கவில்லை.

சாதிக் ஒன்று சொன்னார். 'அந்த டீச்சரம்மா புத்தகத்த வாங்கின உடனே கடைசிப் பக்கத்தத்தான் திருப்பிப் பாத்தாங்க, எத்தன பக்கம்னு. பாத்துட்டு வெரல் விட்டு என்னமோ எண்ணுனாங்க. மொகமே சரியில்லம்மா' என்றார்.

நீ ஏன் கேட்டாய்?

இரண்டாவது புத்தகம் வருகிறது. பதில் எழுது.

செண்பகவல்லி


பாலக்கரை
3.9.2025

மரியே வாழ்க.

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே அனைவரும் நலம். நாள் கடந்துவிட்டது, மன்னிக்கவும். என் மகள் கேத்தரின் பிளஸ் டூ. காலாண்டுப் பரீட்சை வருகிறது. என் வீட்டுக்காரர் ஆசீருக்குப் பொன்மலை ஒர்க்‌ஷாப்பில் ஷிப்ட் மாறிக்கொண்டே இருக்கிறது. இத்தனைக்கும் நடுவில் இரண்டாவதும் மூன்றாவதும் முடித்துவிட்டேன்! நடுவில் உங்களுக்கு எழுதாமல் சாதிக் அண்ணன் கையில் புத்தகத்தை மட்டும் கொடுத்துவிட்டது தப்புதான். இரண்டாவது ஒரு ஜவுளிக்கடைக் குமாஸ்தா கதை. மூன்றாவது பயணக்கட்டுரை, எழுதியவருக்கு எல்லா ஊரிலும் வயிற்றுப்போக்கு.

எங்கள் தெருவழியாக வேளாங்கண்ணிக்கு நடந்து போகிறவர்கள் காவிக் கொடியோடு போய்க்கொண்டே இருக்கிறார்கள். மாதா திருநாளுக்கு முன்னால் எங்களுக்கு நவநாள். ஒன்பது நாள் விடாமல் ஜெபிப்போம். ஒரு நாள் விட்டாலும் திரும்ப முதலிலிருந்து தொடங்க வேண்டும் என்று அம்மா சொல்லி வளர்த்தார்கள். ஹம்ஸா வைத்துவிட்டுப் போனதும் ஒன்பது என்றதும் எனக்கு அதுதான் தோன்றியது. ஒவ்வொரு புத்தகமும் ஒரு நாள். இது முடிகிறவரை நடுவில் எதுவும் வராது, மாதா வரவிடமாட்டாள் என்று மனதில் போட்டுக்கொண்டு படிக்கிறேன். உங்களுக்குச் சிரிப்பாக இருக்கும்.

போன கடிதத்தில் கேட்டீர்களே, அது எங்கள் ஸ்கூலில் ஒரு டீச்சருக்காகக் கேட்டது. பாவம், அவளுக்கு லேசாக ஏதோ இருக்கிறதாம். ஒரு வேலையைக் கையில் எடுத்திருக்கிறாள், அது முடிந்ததும் டாக்டரிடம் போவதாகச் சொல்லியிருக்கிறாள். கவலைப்பட ஒன்றுமில்லை.

நாலாவதை அனுப்புங்கள்.

அன்புள்ள,
லிசி


ஸ்ரீ:
ஸ்ரீரங்கம்
9.9.2025

லிசிக்கு ஆசீர்வாதம். உன் வீட்டில் எல்லாரும் நலம் என்று எழுதியிருக்கிறாய். 'நான் நலம்' என்று எழுதவில்லை. முந்தின கடிதத்தில் 'சுகம்' என்றாவது எழுதியிருந்தாய். இந்தத் தடவை இல்லை.

நாலாவது புத்தகத்தோடு இந்தக் கடிதம் வருகிறது. கீழே உள்ளதை உங்கள் ஸ்கூல் டீச்சரிடம் காட்டு.

டீச்சரம்மா, உங்களை எனக்குத் தெரியாது. உங்களுக்குப் பெண் இருக்கிறாளா, பரீட்சை இருக்கிறதா, அதெல்லாம் எனக்குத் தெரியாது. ஹம்ஸாவுக்குப் பரீட்சைக்குப் போகும் பெண் இல்லை; அவளும் ஒரு காரணம் கண்டுபிடித்தாள். டிசம்பர் முப்பத்தொன்றாம் தேதி சாயங்காலம் கடைசிப் புத்தகத்தை மூடிவிட்டு என்னிடம் அக்காரவடிசல் பண்ணச் சொன்னாள். பண்ணினேன். நெய் வழிய இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டாள். ஜனவரி இரண்டாம் தேதி காலையில் காப்பி கலந்துகொண்டிருந்தேன், பின்னால் வந்து நின்றுகொண்டு சொன்னாள். பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்தது. அதற்கப்புறம் இந்த வீட்டில் அக்காரவடிசல் பண்ணவில்லை. உங்கள் வீட்டிலும் யாரோ ஒருத்தர் அடுப்புக்கு முன்னால் நின்றுகொண்டிருப்பார்கள். அவர்களிடம் இன்றைக்கே சொல்லுங்கள்.

இதைக் காட்டினாயா என்று எழுது.

செண்பகவல்லி


பாலக்கரை
25.9.2025

மரியே வாழ்க.

அக்காவுக்கு வணக்கம். நலம்.

ஆறு முடிந்துவிட்டது. நாலும் ஐந்தும் சின்னப் புத்தகங்கள். ஆறாவது ஒரு கப்பல் சமையல்காரனின் கதை. வீட்டைவிட்டுப் போய் முப்பது வருடம் கடலில் சமைக்கிறான். கடைசியில் காய்ச்சல் கண்டு கப்பலிலேயே இறந்துபோகிறான். ரொம்ப உருக்கமாக இருந்தது.

டீச்சரிடம் காட்டினேன். படித்தாள்.

மீதி மூன்றையும் ஒரேயடியாக அனுப்பிவிட முடியுமா? காலாண்டு லீவில் முடித்துவிடுவேன். தயவுசெய்து.

லிசி


ஸ்ரீ:
ஸ்ரீரங்கம்
4.10.2025

லிசிக்கு ஆசீர்வாதம். இவ்விடம் க்ஷேமம். அவ்விடத்து க்ஷேமம்தான் எனக்குத் தெரியவேண்டியிருக்கிறது.

நீ திருப்பியனுப்புகிற புத்தகங்களை நான் படிக்க ஆரம்பித்துவிட்டேன். உன்னிடம் சொல்லவில்லை. ஐம்பத்தைந்து வயசில் இது ஒரு வெட்கம். அந்தக் கப்பல் சமையல்காரன் சாகவில்லை, லிசி. நூற்றெழுபதாம் பக்கத்தில் காய்ச்சல் வருகிறது. அப்புறம் நாற்பது பக்கம் இருக்கிறது. ஊருக்குத் திரும்பிவிடுகிறான். கடைசி வரியில் கிணற்றடியில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வருவதற்கு மருமகளைத் திட்டிக்கொண்டிருக்கிறான். நீ அந்த நாற்பது பக்கத்தைப் படிக்கவில்லை. காய்ச்சல் வந்தவுடனே அவனைக் கொன்று மூடி வைத்துவிட்டாய்.

இப்போது நான் செய்திருப்பதைச் சொல்கிறேன். வருஷம் திரும்புகிற வரை எங்கள் வீட்டில் பண்டிகை கிடையாது. கொலு வைக்கவில்லை, சுண்டல் இல்லை. ஆனாலும் புதன்கிழமை சரஸ்வதி பூஜைக்கு ஹயக்ரீவர் படத்துக்கு முன்னால் மணை போட்டு, கோலம் போட்டு, மூன்றே மூன்று புத்தகத்தை அடுக்கினேன். உன் ஏழு, எட்டு, ஒன்பது. மேலே பட்டுத் துணி, சந்தனம், குங்குமம். எதிர்வீட்டு வரது மாமா எட்டிப்பார்த்து, 'தீட்டு வருஷத்துல பூஜையா? நன்னாருக்கே!' என்றார். 'பெருமாள் கேட்டா நான் பதில் சொல்லிக்கறேன் மாமா' என்றேன்.

பூஜையில் வைத்த புத்தகத்தை யாரும் படிக்கக் கூடாது. அது உனக்கும் தெரிந்திருக்கும், உன் ஸ்கூல் பிள்ளைகள் அன்றைக்குச் சந்தோஷமாகப் புத்தகத்தைத் தூக்கிப் போட்டிருப்பார்கள். மறுநாள் விஜயதசமிக்கு எடுத்துப் படிக்க வேண்டும். நான் எடுக்கவில்லை. எடுக்கவும் மாட்டேன். உன் ஸ்கூல் டீச்சர் டாக்டரிடம் போய், பரிசோதனை ரிப்போர்ட்டை வாங்கிக்கொண்டு இந்தப் படத்துக்கு முன்னால் வந்து வைக்கட்டும். அன்றைக்கு எடுத்துக் கொடுக்கிறேன். அதுவரை தினம் அதற்கு விளக்கேற்றுவேன்.

கடையில் வேறு பிரதி வாங்கிப் படித்தாயானால் என்னால் தடுக்க முடியாது. ஆனால் நீ வாங்கமாட்டாய்.

செண்பகவல்லி


பாலக்கரை
10.10.2025

மரியே வாழ்க.

அக்கா,

எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்கத் தோன்றவில்லை. உங்கள் மேல் அவ்வளவு கோபம். நவநாளை ஆறில் நிறுத்திவிட்டீர்கள். மூன்று புத்தகம்தானே இருந்தது!

டீச்சர் நான்தான். அது உங்களுக்கு எப்போதோ தெரியும்.

ஜூன் கடைசியில் குளிக்கும்போது தட்டுப்பட்டது. இடது பக்கம். நகரவில்லை. வலியில்லை. உங்கள் ஆகஸ்டு கடிதத்தில் 'இடது பக்கம், நகரவில்லையாம், வலியே இல்லை' என்று இருந்ததைப் படித்துவிட்டு ஸ்டாஃப் ரூம் பாத்ரூமில் அரைமணி நேரம் உட்கார்ந்திருந்தேன். ஆசீருக்குத் தெரியாது. கேத்தரினுக்குத் தெரியாது. தினமும் காலையில் தொட்டுப் பார்ப்பேன். ஒருநாள் பெரிதாகத் தெரியும், மறுநாள் சின்னதாகத் தெரியும். ஹம்ஸாவின் ஒன்பதை முடிக்கிறவரை என்னை ஒன்றும் செய்யாது என்று பேரம் பேசி வைத்திருந்தேன். எனக்கு மாதாவிடம் பேரம் பேசத்தான் தைரியம் இருந்தது, டாக்டரிடம் போக இல்லை. அவர் ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் அப்புறம் அதைத் திருப்பி எடுக்க முடியாதே, அக்கா.

இன்னொன்றும் இருக்கிறது. அதற்காகத்தான் உண்மையில் இந்த ஒன்பதையும் எடுத்தேன். ஜூன் எட்டாம் தேதி ஹம்ஸாவுக்கு ஒரு மெசேஜ் அனுப்பினேன். பத்து நாளாக அவளிடமிருந்து ஒன்றும் வரவில்லை, சோம்பேறித்தனம் என்று நினைத்தேன். 'சாக்கு சொல்லாதே. இன்னும் ஒன்பதுதான். எழுந்திரு' என்று அனுப்பினேன். மூன்று நாளில் அவள் போய்விட்டாள். அந்த மெசேஜில் இரண்டு நீல டிக் விழுந்திருந்தது. சாகிறவளைச் சாக்குச் சொல்லாதே என்று திட்டியிருக்கிறேன். அதற்குத் தண்டனையாகத்தான் எனக்கும் அதே இடத்தில் வந்திருக்கிறது என்று தோன்றுகிறது.

எனக்குப் பயமாக இருக்கிறது, அக்கா. கைகால் எல்லாம் பயம்.

லிசி


ஸ்ரீ:
ஸ்ரீரங்கம்
13.10.2025

லிசி,

க்ஷேமம் எல்லாம் அப்புறம். தபாலை நம்பாமல் சாதிக் கையிலேயே இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

அந்த மெசேஜை அவளுக்குப் படித்துக் காட்டியவள் நான். போனைத் தூக்க அவளுக்குத் தெம்பில்லை. கேட்டுவிட்டுச் சிரித்தாள். அந்த ஆஸ்பத்திரியில் எல்லாரும் அவள் தலைமாட்டில் நின்று குரலைத் தாழ்த்திப் பேசிக்கொண்டிருந்தோம். 'பாத்தியாக்கா, இவ ஒருத்திதான் நான் இன்னும் உசுரோட இருக்கேன்னு நெனச்சுத் திட்டறா' என்றாள். திரும்ப ஒரு தடவை படிக்கச் சொன்னாள். இதை ஜூலையிலேயே உனக்கு எழுதியிருக்கலாம். எழுதவில்லை. உன் மேலும் உங்கள் குழு மேலும் எனக்குக் கோபம் இருந்தது, கொஞ்சம் துடிக்கட்டும் என்று விட்டுவிட்டேன். என்னை மன்னித்துவிடு.

தண்டனை என்றெல்லாம் எழுதாதே. அப்படிப் பார்த்தால் எனக்கு என்னென்னவோ வந்திருக்க வேண்டும்.

பிஸ்கட் டப்பா என்று எழுதினேனே, நினைவிருக்கிறதா? பதிமூன்றாம் நாள் காரியமெல்லாம் முடிந்து வந்தவர்கள் போன பிறகு அந்தக் கடிதங்களைப் பிரித்தேன். போன வருஷம் அக்டோபர் மாதக் கடிதம் ஒன்று. முதல் மூன்று பக்கம் ஏதோ நாவலைப் பற்றி. கடைசியில் நாலு வரி. 'அக்கா, இடது பக்கம் ஒரு கட்டி இருக்கு. நேர்ல சொல்லத் தைரியம் இல்ல. இத நீ பிரிச்சுப் படிச்சேன்னா என்னை இழுத்துண்டு போ, வரேன். பிரிக்கலேன்னா டிசம்பர் முடியட்டும்.' அவ்வளவுதான். அவளும் உன்னைப் போலத்தான் பேரம் பேசியிருக்கிறாள், மாதாவிடம் இல்லை, என்னிடம். மூன்று மாசம் அந்தக் கடிதம் சமையலறை அலமாரியில் பருப்பு டப்பாவுக்குப் பக்கத்தில் இருந்தது. தினமும் பருப்பு எடுத்தேன்.

அதனால்தான் உன் கடிதங்களை வந்த நிமிஷம் பிரித்தேன். அதனால்தான் மூன்று தடவை படித்தேன். இரண்டாவது தடவையும் பிரிக்காமல் வைத்திருக்க என்னால் முடியாது.

நாளை மறுநாள், புதன்கிழமை, காலை ஒன்பதரை மணிக்குச் சாதிக் ஆட்டோ உன் வாசலில் நிற்கும். உள்ளே நான் இருப்பேன். தில்லைநகரில் ஒரு லேடி டாக்டரிடம் பத்தரைக்கு உன் பெயரில் நம்பர் போட்டாயிற்று. இன்றைக்கே ஆசீரிடம் சொல். அவர் வந்தாலும் சரி, வராவிட்டாலும் சரி, நீ வருகிறாய். பள்ளிக்கூடம், பரீட்சை, நவநாள் ஒன்றும் வேண்டாம்.

சாக்கு சொல்லாதே. எழுந்திரு.

செண்பகவல்லி


பாலக்கரை
30.10.2025

மரியே வாழ்க.

என் அன்பு அக்காவுக்கு,

நீங்கள் நலமா? அன்றைக்கு அவ்வளவு நேரம் அந்த இரும்பு நாற்காலியில் உட்கார்ந்ததில் உங்கள் முட்டி என்ன பாடுபட்டதோ. என் நம்பரைக் கூப்பிட்டபோது நான் எழுந்திருக்கவில்லை, நீங்கள்தான் எழுந்தீர்கள். நேரில் பார்த்தால் ஆயிரம் பேச வேண்டும் என்று இருந்தேன். நீங்களும் கேட்டது 'தண்ணி குடிக்கிறியா?' ஒன்றுதான்.

நேற்றுப் பயாப்ஸி ரிப்போர்ட் வந்தது. அதேதான், அக்கா. எழுதிவிட்டேன். இரண்டு சென்டிமீட்டர். வேறெங்கும் பரவினதாகத் தெரியவில்லை என்றார்கள், ஆபரேஷன் செய்து பார்த்துத்தான் முழுசாகச் சொல்ல முடியுமாம். 'இன்னும் ஆறு மாசம் விட்டிருந்தீங்கன்னா நான் வேற மாதிரி பேசிக்கிட்டிருப்பேன்' என்றார் டாக்டர். நவம்பர் ஐந்தாம் தேதி ஆபரேஷன். அப்புறம் மருந்து ஏற்ற வேண்டியிருக்கும்.

ஆசீரிடம் அன்றைக்கே சொல்லிவிட்டேன். 'நாலு மாசம் எங்கூட ஒக்காந்து சாப்புட்டிருக்க லிசி, ஒரு வார்த்த சொல்லலியே' என்றார், அவ்வளவுதான். இப்போது என் பைலைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு தூங்குகிறார். பங்குச்சாமியாரிடம் நவநாள் நின்றுபோனதைச் சொன்னேன். 'அது மாதா செஞ்ச ஏற்பாடும்மா, ஸ்ரீரங்கத்துலேருந்து ஆள் அனுப்பியிருக்காங்க' என்று சிரித்தார்.

ரிப்போர்ட்டின் நகலைச் சாதிக் அண்ணனிடம் கொடுத்திருக்கிறேன். படத்துக்கு முன்னால் வையுங்கள். ஆனால் மீதி மூன்றை நான் எப்போது படிப்பேன்? ஆபரேஷனுக்குப் பிறகு கொஞ்ச நாள் இடது கையைத் தூக்கக் கூடாதாம். டிசம்பருக்குள் முடியாமல் போனால் ஹம்ஸாவின் கணக்கு இருபத்திரண்டோடு நின்றுவிடும். நான் என்ன ஆவேன் என்பதும் தெரியவில்லை. இரண்டையும் சேர்த்துத்தான் பயப்படுகிறேன்.

எனக்காக வேண்டிக்கொள்ளுங்கள்.

உங்கள்,
லிசி


ஸ்ரீ:
ஸ்ரீரங்கம்
12.11.2025

சௌபாக்யவதி லிசிக்குச் செண்பகவல்லி ஆசீர்வாதம் செய்து எழுதுவது. இவ்விடம் நிஜமாகவே க்ஷேமம். ஆபரேஷன் அன்றைக்கு ஆஸ்பத்திரியில் நீ மயக்கத்திலேயே கண்ணைத் திறந்து 'எத்தன பக்கம்?' என்று கேட்டாய். கேத்தரின் சிரித்துவிட்டாள். அந்தப் பெண் சிரித்ததைப் பார்த்து எனக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது. மற்றபடி டாக்டர் வெளியே வரும் ஒவ்வொரு தடவையும் நான்தான் முதலில் எழுந்து நிற்கிறேன். முழுசாகப் போயிற்றா என்று சொல்ல இன்னும் நாள் இருக்கிறது, அதை நானும் மறைக்கப்போவதில்லை.

ரிப்போர்ட்டை ஹயக்ரீவருக்கு முன்னால் வைத்தேன். பட்டுத் துணியை எடுத்தேன். இத்தனை நாள் பூஜையில் இருந்த புத்தகங்களை வரது மாமாவுக்கு முன்னாலேயே எடுத்தேன்.

சவாலின் விதி என்ன? படித்து முடித்தவர் படிக்காதவருக்குக் கையால் எழுதித் தபாலில் சேர்க்க வேண்டும். ஏழாவது புத்தகத்தை நான் முடித்துவிட்டேன். நீ படிக்கவில்லை. ஆகவே இது ஹம்ஸாவின் இருபத்துமூன்றாவது கடிதம். குழுவில் உறையின் படத்தைக் கேத்தரின் போட்டுவிடுவாள்.

கதை இதுதான். ஒருத்தன் வானம் பார்த்த பூமியில் கிணறு வெட்டுகிறான். ஊரே பைத்தியம் என்கிறது. முப்பது அடியில் கூட வெட்டினவர்கள் போய்விடுகிறார்கள். அறுபதடியில் மண் சரிந்து பாதி மூடிக்கொள்கிறது. திரும்ப அள்ளுகிறான். பெண்டாட்டி மேலே நின்று கயிற்றைப் பிடித்துக்கொண்டு, அவனை வாய் ஓயாமல் திட்டுகிறாள். கயிற்றை மட்டும் விடவில்லை. எண்பத்திரண்டாவது அடியில் கடப்பாரை எதிலோ டங்கென்று படுகிறது. அவன் குனிந்து கையால் தடவிப் பார்க்கிறான்.

அது பாறையா, ஈரமா என்று நான் எழுதமாட்டேன். நூற்றுத் தொண்ணூற்றிரண்டாம் பக்கம். கோயில் துளசி ஒரு கொத்து அடையாளம் வைத்திருக்கிறேன். புத்தகம் உன் தலைமாட்டு மேஜையில் இருக்கிறது. இடது கையைத் தூக்கக் கூடாதென்றால் வலது கை இருக்கிறது.

படித்துவிட்டு எனக்கு எழுது. வந்த நிமிஷம் பிரிப்பேன்.

செண்பகவல்லி